டேலி ஆற்றங்கரை ஆசிரியை

ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சி நாள்களில் இப்போதெல்லாம் ‘டடிரி’ என்ற சொல் காதில் விழாமல் வீடு திரும்புவது அரிது. விளக்கைக் குறைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, இதுதான் பூர்வகுடி மக்களின் ஆழ்ந்து செவிமடுக்கும் மரபு என்று பயிற்றுநர் மெல்லிய குரலில் அறிவிப்பார். சற்று நேரத்தில் தேநீர் இடைவேளை வந்துவிடும். அந்தச் சொல்லை நாட்டுக்கு அறிமுகப்படுத்திய மிரியம் ரோஸ் உங்குன்மெர் பௌமன் வாழ்நாள் முழுவதும் ஆசிரியையாக இருந்தவர் என்பதோ, அதைச் சொன்ன மூச்சிலேயே வெள்ளை ஆஸ்திரேலியரிடம் அவர் ஒரு கணக்கையும் கேட்டார் என்பதோ அந்த அறையில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. டார்வின் நகரின் தொடக்கப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் எனக்கு, அவருடைய சிந்தனையின் வேர் கற்பித்தலில்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. குடும்பம், பண்பாடு, சமூகத்தின் நலம் என்று அவர் பேசுகிறவை அனைத்தும், ஒரு குழந்தை யாரிடமிருந்து, எப்படிக் கற்கிறது என்ற கேள்வியில் வந்தே சேர்கின்றன.

அவருடைய ஊர் நௌயு. டார்வினுக்குத் தெற்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில், டேலி ஆற்றங்கரையில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் சாலை துண்டிக்கப்படும். 1998 ஜனவரி வெள்ளத்தில் ஊரையே காலி செய்ய நேர்ந்தது. அவர் மக்களின் பெயர் ஙன்கிகுருங்கூர். (தமிழில் அரிச்சுவடியைத் தாண்டி எந்தச் சொல்லுக்கும் தலைமை தாங்காத ‘ங’ இங்கே ஒரு மக்களினத்தின் பெயரைத் தொடங்கி வைக்கிறது.) அந்த ஆற்றங்கரையின் வரலாறு இனிமையானதன்று. 1884இல் அங்கிருந்த செப்புச் சுரங்கத்தில் வெள்ளையர் நால்வர் கொல்லப்பட்டதற்குப் பழிதீர்க்கப் புறப்பட்ட கூட்டங்கள் பூர்வகுடி மக்களைக் கண்ட இடத்தில் சுட்டன. 1886இல் வந்த இயேசு சபைத் துறவிகள் 1899இல் வெள்ளத்தோடு வெளியேறினார்கள். பிறகு 1950களின் நடுவில் கத்தோலிக்க மிஷன் மறுபடியும் வந்து, இன்றைய ஊர் அமைந்தது. ஊர்க் கோயில் புனித பிரான்சிஸ் சவேரியார் பெயரில் இருக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் சவேரியார் பெயரைக் கேட்டே வளர்ந்த எனக்கு, ஈட்டிப்புல் வெளிகளையும் முதலைகள் வாழும் ஆற்றையும் கடந்து போய் அதே பெயரைப் பலகையில் பார்த்தபோது எழுந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

மிரியம் ரோஸ் 1950இல் அந்தப் பகுதியின் காட்டில் பிறந்தார். ஏறத்தாழ ஐந்து வயதிலிருந்து உறவினரான ஒரு தம்பதியரிடம் வளர்ந்தார். அந்த வளர்ப்புத் தந்தை காவல்துறைக்குத் தடம் பார்த்துச் சொல்லும் பணியில் இருந்ததால், அடிலெய்ட் ரிவர், பைன் கிரீக், மாட்டரங்கா என்று அவருக்கு மாற்றலான இடங்களிலெல்லாம் சிறுமியும் பள்ளிக்குப் போனார். பூர்வகுடிக் குழந்தைகளை, குறிப்பாகக் கலப்பு வழியில் பிறந்தவர்களை, பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோவது அரசின் கொள்கையாகவே இருந்த காலம் அது. அந்தக் கொள்கை விளைத்த துயரத்தை அரசு நியமித்த விசாரணை 1997இல்தான் அறிக்கையாக வெளியிட்டது, பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008இல். இந்தச் சூழலில் ஒரு குழந்தை உறவின் மடியிலேயே வளர்ந்து, மண்ணில் பதிந்த காலடியைப் படிக்கும் ஒருவரின் வீட்டிலிருந்து வகுப்பறைக்குப் போய் எழுத்தைப் படித்தது என்பதை நான் சாதாரணச் செய்தியாகக் கடந்துபோக மாட்டேன். 1975இல் அவர், டார்வினைத் தலைநகராகக் கொண்ட வட பிரதேசத்தின் முழுத் தகுதி பெற்ற முதல் பூர்வகுடி ஆசிரியரானார்.

ஆசிரியரான பிறகு அவர் பிடித்துக்கொண்ட வழி ஓவியம். ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்கும் குழந்தை, தூரிகையைக் கையில் கொடுத்தால் தன் ஊரையும் உறவையும் பார்த்ததையும் பயந்ததையும் தாளில் இறக்கி வைத்துவிடும் என்பதை அவர் கண்டார். கல்வித் துறையின் கலை ஆலோசகராகப் பள்ளி பள்ளியாகப் போய், ஓவியம் ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அன்று, ஒவ்வொரு குழந்தையின் கல்வியிலும் அதற்கு இடம் வேண்டும் என்று வாதாடினார். 1970களின் நடுவில் நௌயு கோயிலுக்காக அவர் தீட்டிய சிலுவைப் பாதை ஓவியங்களில், கிறிஸ்துவின் பாடுகள் அவருடைய மக்களின் கோடுகளிலும் வடிவங்களிலும் சொல்லப்படுகின்றன. மிஷன் கொண்டுவந்த நம்பிக்கையை ஏற்றுக்கொண்டதற்காகத் தன் மரபைக் கழற்றி வைக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. மிஷன்கள் பூர்வகுடி மொழிகளுக்கும் சடங்குகளுக்கும் செய்த கேட்டை அறிந்த ஒருவருக்கு இந்த இணக்கம் உறுத்தலாம். எனக்கும் அந்த உறுத்தல் முழுதும் தீர்ந்துவிடவில்லை. ஆயினும் இதில் தீர்ப்பு எழுத வேண்டியது அவரும் அவருடைய ஊராரும் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

1993இல் அவர் அதே ஊர்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். வட பிரதேசத்தின் தொலைதூரப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு இதன் எடை புரியும். தெற்கு நகரங்களிலிருந்து வரும் இளம் ஆசிரியர்கள் ஓராண்டோ ஈராண்டோ இருந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு போவதே அங்கே வழக்கம். குழந்தைகள் ஒரு முகத்தைப் பழகி முடிக்கும்போது அந்த முகம் விமானமேறிவிடும். அப்படிப்பட்ட இடத்தில், தாத்தா பாட்டி பெயரிலிருந்து எந்தக் குழந்தை எந்த மரத்தடியில் விளையாடும் என்பது வரை அறிந்த ஒருவர் தலைமை ஆசிரியரின் நாற்காலியில் அமர்வது, எந்தப் பாடத்திட்டத் திருத்தமும் தர முடியாத ஒன்று.

இனி அவருடைய கருத்துக்கு வருகிறேன். 1988இல் அவர் ஆற்றிய உரை வழியாகத்தான் டடிரி வெளியுலகுக்குத் தெரிந்தது. தம் மக்கள் மிகச் சிறு வயதிலேயே செவிமடுக்கப் பழகுகிறார்கள், கேள்வி கேட்டுக் கற்பது அவர்கள் வழக்கமன்று, பார்த்தும் கேட்டும் காத்திருந்தும் பிறகு செய்தும் கற்பதே அவர்கள் வழி, மௌனம் அவர்களை அச்சுறுத்துவதில்லை, ஆற்றை அவசரப்படுத்த முடியாதது போலவே அவர்களையும் அவசரப்படுத்த முடியாது என்பது அதன் சாரம். இதைக் கேட்டுத் தியானத்தில் அமர்வது எளிது. இதை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பை நடத்திப் பார்ப்பதுதான் கடினம்.

ஏனென்றால் பள்ளிக்கூடம் என்ற அமைப்பே கேள்வியின் மேல் எழுப்பப்பட்டது. அதிலும் விசித்திரமான ஒரு வகைக் கேள்வியின் மேல்: விடை தெரிந்தவர், விடை தெரியாதவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில் இது பொருளற்ற செயல். தெரிந்ததை ஒருவர் ஏன் கேட்க வேண்டும்? அதுவும் எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறுவனைப் பெயர் சொல்லி எழுப்பி ஏன் கேட்க வேண்டும்? அவன் தலை குனிந்து நிற்பான். ஆசிரியர் தம் பதிவேட்டில் ‘பதில் அளிக்கவில்லை’ என்று எழுதுவார். அப்படிச் சேர்ந்த குறிப்புகள் ஆண்டு முடிவில் ‘பின்தங்கிய மாணவன்’ என்ற முடிவாக உருத்திரளும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினாலே மாணவர்களின் விடைகள் நீளமாகவும் ஆழமாகவும் வருகின்றன என்றும் கண்டார். மூன்று நொடிக்கே அவ்வளவு பலன் என்றால், ஒரு முழு மழைக்காலம் காத்திருக்கத் தெரிந்த சமூகத்தின் குழந்தைகளிடம் நாம் எவ்வளவு இழந்துகொண்டிருக்கிறோம் என்று கணக்கிடத் தோன்றுகிறது.

அந்தக் கற்கும் முறையை நான் நேரில் பார்த்தது நௌயுவின் கலை விழாவில். 1986இல் மிரியம் ரோஸ் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து தொடங்கிய மெரப்பன் கலைக் கூடம் அந்த விழாவை நடத்துகிறது. மெரப்பன் என்பது அங்கு வளரும் குட்டையான மணற்பனை. எங்கள் ஊரில் பெட்டி முடைகிறவர்கள் பனையின் குருத்தோலையைத் தேடுவது போலவே இங்கும் விரியாத குருத்துக்குத்தான் மதிப்பு. ஆனால் ஓலையைப் பட்டையாக வகிர்ந்து முடையாமல், நகத்தால் கீறி, ஈர்க்கை ஒதுக்கி, மெல்லிய நாராக உரித்தெடுத்து, வேரும் கிழங்கும் வெந்த தகர டின்னில் சாயமேற்றி, சுருள் சுருளாகச் சுற்றித் தைத்துக் கூடையாக்குகிறார்கள். ஒரு மூதாட்டி தரையில் காலை நீட்டி அமர்ந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். பேத்தி முறையுள்ள ஒரு சிறுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, ‘இப்படிச் செய்’ என்று சொல்லவுமில்லை. வெகுநேரம் பார்த்திருந்த சிறுமி, கழித்துப் போட்ட நார் ஒன்றை எடுத்துச் சுற்றத் தொடங்கினாள். மூன்றாம் சுற்றிலேயே அது கோணிக்கொண்டது. பாட்டி தன் வேலையை மடியில் வைத்துவிட்டு, சிறுமியின் கையிலிருந்ததை வாங்கி, கோணிய சுற்றைப் பிரித்து, ஒரு தையல் மட்டும் போட்டு, அவள் மடியிலேயே திரும்ப வைத்தார். அதன் பிறகு தன் வேலையில் கைவேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அந்தப் பாடம். ‘பாட்டி என்ன செய்தார், சொல் பார்ப்போம்’ என்று கேட்க என் நாக்கு துடித்ததை அடக்கிக்கொண்டேன். இருபதாண்டு ஆசிரியத் தொழில் கற்றுக்கொடுக்காத ஒன்று அந்த வேகக் குறைப்பில் இருந்தது.

இப்படி ஒரு கல்வி நடக்க வேண்டுமானால் பாட்டி அருகில் இருக்க வேண்டும், அவருக்கு நேரம் இருக்க வேண்டும், குருத்து வெட்டப் போக நிலம் இருக்க வேண்டும், வேலைகளின் பெயர் சொல்ல மொழி இருக்க வேண்டும். குடும்பத்தையும் பண்பாட்டையும் கல்வியிலிருந்து தனியே பிரித்து மிரியம் ரோஸ் பேசாததன் காரணம் இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். அங்கே குடும்பம் என்பது தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்ற சதுரம் அன்று. தாயின் சகோதரிகள் அனைவரும் தாய்மார். தந்தையின் சகோதரர்கள் அனைவரும் தந்தையர். மாமனும் அத்தையும் வேறு வகை உறவு, வேறு வகைக் கடமை. பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா என்று அழைத்து வளர்ந்து, அத்தை, மாமன் மக்களை மட்டும் வேறு வரிசையில் வைக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. திராவிட உறவுமுறையையும் ஆஸ்திரேலிய உறவுமுறைகளையும் மானிடவியலாளர்கள் பல காலமாக ஒப்பிட்டு வந்திருப்பதும் இதனால்தான். ஆனால் பள்ளியின் விண்ணப்பப் படிவத்துக்கு இது விளங்காது. ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்ற கட்டத்தில் ஒரே பெயர்தான் எழுத முடியும். ஒரு மாதம் இந்த அம்மாவிடமும் மறு மாதம் ஆற்றுக்கு அப்பால் இன்னொரு அம்மாவிடமும் வளரும் குழந்தையைப் படிவம் ‘நிலையான வீடு அற்ற குழந்தை’ என்று வாசிக்கிறது.

மொழியின் நிலையும் இவ்வாறே. வட பிரதேசத்தில் 1973இல் இருமொழிக் கல்வி தொடங்கியது; பூர்வகுடி ஆசிரியர்களும் துணை ஆசிரியர்களும் உருவானதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1998இல் அதைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் சற்றுப் பின்வாங்கியது. 2008இல் பள்ளி நாளின் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பகலில் களைத்த குழந்தைக்கு, மிச்சமிருக்கும் வெப்பமான பிற்பகலில், தாய்மொழி. அதன் பின்னிருந்த கவலையை நான் மறுக்கவில்லை, தேர்வு முடிவுகள் மோசமாகத்தான் இருந்தன. அந்த மருந்துதான் தவறானது. வீட்டு மொழியில் எண்ணவும் எழுதவும் கற்ற குழந்தை இரண்டாம் மொழியை உறுதியாகப் பற்றுகிறது என்பதை, வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளோடு போராடும் எந்தப் பெற்றோரும் வேறு பக்கத்திலிருந்து அறிந்திருப்பார்கள்.

அந்த நிலத்தின் அறிவு மொழிக்குள் எப்படிப் பொதிந்திருக்கிறது என்பதற்கு அவர்களின் ஙன்கி மொழியைப் பேசும் மக்களின் பருவ நாள்காட்டி ஒன்றே போதும். நௌயுவின் மூத்தவர்கள், ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2009இல் வெளியிட்ட அந்த நாள்காட்டியில் பருவங்கள் ஈட்டிப்புல்லின் வாழ்க்கையை வைத்துப் பிரிக்கப்படுகின்றன: புல் முளைக்கும் காலம், கதிர் வரும் காலம், சாயும் காலம், எரிக்கப்படும் காலம். எந்தப் பூ பூத்தால் எந்த முட்டை கிடைக்கும், எந்தக் காற்றில் எந்த மீன் கொழுக்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். ஒரு சொல் மறைந்தால் ஓர் உணவு மறைகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

சமூகத்தின் நலம் பற்றி மிரியம் ரோஸ் பேசும்போது இவை எல்லாம் பின்னால் நிற்கின்றன. 1989ஆம் ஆண்டின் தேசியப் பூர்வகுடி சுகாதாரத் திட்டம், உடல்நலம் என்பது தனிமனிதரின் உடம்போடு முடிவதன்று, முழுச் சமூகத்தின் சமூக, உணர்வு, பண்பாட்டு நலமும் சேர்ந்ததே அது என்று வரையறுத்தது. மூத்தவர்கள் சொல்லி வந்ததையே அது எழுத்தில் வைத்தது. எழுத்தில் வைத்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும், பூர்வகுடி மக்களிடையே தற்கொலை விகிதம் மற்ற ஆஸ்திரேலியரைவிட இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. இளையோரிடையே நிலைமை இன்னும் கொடிது. ஜூடி அட்கின்சன் போன்ற பூர்வகுடி ஆய்வாளர்கள் டடிரியைத் தலைமுறை தாண்டிய துயரத்தைக் கேட்டு ஆற்றும் முறையாக வளர்த்தெடுத்தது இந்தப் பின்னணியில்தான். 2013இல் மிரியம் ரோஸ் தம் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியதும் இளையோரை முன்னிட்டே: கல்வி, கலை, பண்பாடு மூன்றின் வழியாகவும் அவர்கள் இரண்டு உலகங்களிலும் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பது அதன் நோக்கம்.

இதில் ஆசிரியர்களான நாங்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொலைதூரச் சமூகங்களின் குழந்தைகளிடையே நடுக்காது அழற்சி மிக அதிகம். சீழ் வடியும் நாள்பட்ட நடுக்காது நோய் ஒரு மக்கள்தொகையில் நான்கு விழுக்காட்டைத் தாண்டினால் உடனடி நடவடிக்கை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வட பிரதேசத்தின் பல ஊர்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. ஒரு வீட்டில் மூன்று குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் வீட்டுப் பற்றாக்குறை இதற்கு முக்கியக் காரணம். செவிமடுத்துக் கற்பதே மரபாக வந்த குழந்தைகளின் செவியையே இந்த நோய் பிடிக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமலிருப்பது மரபின் மௌனமா, ஆங்கிலம் புரியாத மௌனமா, காது கேளாத மௌனமா என்று பிரித்தறிய வேண்டியது ஆசிரியரின் முதல் வேலை. அதற்கு ஒலிபெருக்கியும் காது மருத்துவரும் வேண்டும். பிள்ளையின் பாட்டியிடம் உட்கார்ந்து பேசும் நேரமும் வேண்டும். முதல் இரண்டுக்குச் சிரமப்பட்டாவது நிதி கேட்க முடிகிறது. மூன்றாவதுக்கு எந்தத் தலைப்பில் கேட்பது?

2021இல் அவர் அந்த ஆண்டின் மூத்த ஆஸ்திரேலியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, விருது மேடையில் அவர் கேட்டது இதைத்தான். வெள்ளையரின் மொழியையும் வழியையும் தாங்கள் கற்று வந்த இத்தனை ஆண்டும் ஒருவழிப் பாதையாகவே இருந்தது, இனி நீங்கள் எங்களை நோக்கி வாருங்கள், எங்கள் ஊர்களின் தேவை என்ன என்று கேளுங்கள் என்று அவர் பேசினார். 1988இலும் ஏறத்தாழ இதையே சொன்னவர் அவர். இடையில் டடிரி பயிற்சி அறைகளுக்குள் நுழைந்துவிட்டது, பாதை மட்டும் மாறவில்லை. 2023 அக்டோபர் 14 அன்று, பூர்வகுடி மக்களுக்கு நாடாளுமன்றத்திடம் கருத்துரைக்கும் ஓர் அமைப்பை அரசியல் சட்டத்தில் சேர்க்கலாமா என்ற பொதுவாக்கெடுப்பில் அறுபது விழுக்காட்டினர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். ஆறு மாநிலங்களும் மறுத்தன. வட பிரதேசத்தின் தொலைதூரச் சாவடிகளில் பெரும்பாலோர் வேண்டும் என்று வாக்களித்திருந்தார்கள்.

அந்த மேடைப் பேச்சு வெள்ளையருக்கானது மட்டும் என்று நம்மவர்கள் நினைப்பதுண்டு. அவர் அழைத்தது தம் ஊர்களுக்கு வேலை செய்ய வருகிற எல்லாரையும்தான். வட பிரதேசத்தின் மருத்துவமனைகளிலும் சிறு மருத்துவ நிலையங்களிலும் பள்ளிகளிலும் தென்னிந்தியர்களும் இலங்கையரும் கணிசமாக இருக்கிறோம். விசா விதி இரண்டு ஆண்டு கேட்டால் இரண்டு ஆண்டு இருந்துவிட்டு மெல்பர்னுக்குக் கிளம்புகிறவர்களில் நம் பங்கும் உண்டு. சென்ற மாதம், டார்வினுக்குக் கிழக்கே பூர்வகுடி மக்களின் ஆர்னெம் நிலத்தில் ஒரு மருத்துவ நிலையத்துக்குப் போகவிருந்த தமிழ்ச் செவிலியர் ஒருவர், ‘அக்கா, அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது?’ என்று கேட்டார். இறந்தவரின் பெயரைப் பல ஊர்களில் உச்சரிக்க மாட்டார்கள், ஆதலால் காத்திருப்போர் அறையில் ஒரு பெயரை உரக்கக் கூப்பிடுவதற்கு முன் அங்குள்ள பூர்வகுடி சுகாதாரப் பணியாளரிடம் கேட்க வேண்டும் என்றும், மாமியாரும் மருமகனும் ஒரே அறையில் நேருக்கு நேர் அமர மாட்டார்கள், நாற்காலியை அதற்கேற்பப் போட வேண்டும் என்றும், ‘வலி இருக்கிறதா’ என்று கேட்டதற்கு உடனே வரும் ‘ஆம்’ பெரும்பாலும் மரியாதைக்குச் சொல்லும் ‘ஆம்’தான், அடுத்த வேலைக்குப் போகாமல் சற்று இருந்தால் உண்மையான விடை வரும் என்றும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அரிசியும் புளியும் டார்வினிலேயே வாங்கிக்கொண்டு போகச் சொன்னேன். அங்கே கடையில் விலை இரு மடங்கு இருக்கும்.